தெருவுக்கு ஒரு வம்பு வீடு

தேசம்மா ஆணையத்தின் அலுவலகத்துக்குள் நுழைந்து வாயைத் திறந்ததும் வரவேற்பறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நெடுமேட்டில் யாரும் அவ்வளவு உரக்கப் பேசி அவர்கள் கேட்டதில்லை.

"ஒரே ஒரு அட்ரஸ் வோணும். அத்தக் குடுத்துட்டா நான் பாட்டுக்குப் போய்க்கினே இருப்பேன். இதுக்கு இன்னாத்துக்கு நாலு ரூம் சுத்த வுடறீங்க?"

நான்காவது அறை தமயந்தியுடையது. கதவில் 'அண்டைவீட்டுப் பிரிவு' என்று எழுதியிருக்கும். உலகத்தில் வேறெந்த நகரத்திலும் அப்படியொரு பிரிவு கிடையாது. அதன் தலைமை அதிகாரி அவள்தான்.

கடல் மூன்றாவது முறையாகப் பழைய தலைநகரத்துக்குள் வந்து, இந்தத் தடவை திரும்பிப் போகாமல் தங்கிவிட்டபோது, அரசாங்கம் உள்நாட்டில் உயரமான ஒரு வறண்ட மேட்டைப் பார்த்து நெடுமேடு என்ற புதுத் தலைநகரத்தைக் கட்டியது. சாலை, குடிநீர், சாக்கடை எல்லாவற்றையும் திட்டமிடத் தலைநகர் ஆணையம் வந்தது. அந்த ஆணையம் ஒரு படி மேலே போய், யார் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பதையும் திட்டமிட்டது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். தமயந்தியின் குழு செய்த இயந்திரம் எண்ணூறு பொருத்தம் பார்த்தது. எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், எவ்வளவு சத்தமாகப் பாட்டு வைப்பார், மீன் வறுப்பாரா, நாய் வளர்ப்பாரா, விருந்தாளி வந்தால் எத்தனை நாள் தங்குவார், கோபம் வந்தால் கத்துவாரா, கதவைச் சாத்திக்கொள்வாரா என்று ஒவ்வொருவரிடமும் மாதக்கணக்கில் கேட்டும் கவனித்தும் தெரிந்துகொண்டு, ஒத்துப்போகிறவர்களை ஒரே தெருவில் வைத்தது. ஒத்துப்போகாதவர்களை நகரத்தின் இரண்டு கோடிகளில் வைத்தது. ஜனங்கள் அந்த இயந்திரத்துக்கே 'பொருத்தம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பலன் கண்கூடு. குடியேறிய நாளிலிருந்து நெடுமேட்டுக் காவல் நிலையங்களுக்குப் பக்கத்து வீட்டுச் சண்டை என்று ஒரு புகார்கூட வரவில்லை. வெளிமாநிலங்களிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு வாய் பிளந்து போனார்கள்.

தமயந்திக்கு இது வேலை மட்டுமல்ல. பழைய நகரத்தில் அவள் வளர்ந்தது ஒரு குடியிருப்பு வாரிய வீட்டில். மாடி வீட்டுக்காரர் துவைத்துப் போட்ட துணியிலிருந்து சொட்டிய தண்ணீருக்காக ஆரம்பித்த ஒரு சண்டையில் அவளுடைய அப்பாவுக்கு ஒரு கண் போயிற்று. இனி எந்த வீட்டிலும் எந்தக் குழந்தையும் அப்படியொரு காட்சியைப் பார்க்கக் கூடாது என்று அன்று நினைத்ததைத்தான் அவள் வளர்ந்து செய்து முடித்திருந்தாள்.

"உக்காருங்கம்மா. யாரோட அட்ரஸ்?"

"எத்திராஜு. ஹார்பர்ல கிரேன் ஓட்டிக்கினு இருந்தான். கப்பக்காரத் தெருவுல எனக்கும் அவனுக்கும் செவுத்துக்குச் செவுரு."

பெயரைப் போட்டதும் திரை முழுக்கச் சிவந்தது. நகரத்திலேயே மிக மோசமான பொருத்தங்களில் அதுவும் ஒன்று. வாசலில் கொட்டிய குப்பைக்கு, குறுக்கே கட்டிய கொடிக்கு, ஸ்பீக்கரில் போட்ட பாட்டுக்கு என்று முப்பது வருஷம் இருவரும் மாறி மாறிப் புகார் கொடுத்திருந்தார்கள். இயந்திரம் எத்திராஜை வடக்குக் கோடியிலும் தேசம்மாவைத் தெற்குக் கோடியிலும் வைத்திருந்தது.

"உங்களுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாதேம்மா?"

"ஆகாதுதான். அந்தாளு மூஞ்சியப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கினு வரும்."

"அப்புறம் எதுக்கு அட்ரஸ்?"

"போன் எடுக்க மாட்டேன்றான் மேடம்."

தமயந்திக்குப் புரியவில்லை. தேசம்மா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இங்க வந்ததுலருந்து காலைல இட்லிக் கடைக்கு அடுப்புப் பத்த வச்ச கையோட அவனுக்கு ஒரு போன் போடுவேன். நாலு வார்த்தை கேப்பேன். அவனும் பதிலுக்குக் கேப்பான். அத்தோட வச்சிருவோம். முந்தாநேத்து எடுக்கல. நேத்து எடுக்கல. இன்னிக்கும் எடுக்கல. கோச்சிக்கினு எடுக்காம இருக்கற ஆளு இல்ல அவன். திட்றதுக்குன்னே எடுக்கறவன்."

"தினமுமா போன் பண்ணித் திட்டுவீங்க?"

"பின்ன? எங்க தெருவுல யாரத் திட்றது? எல்லாம் தங்கமான மனுசங்களா புடிச்சிப் போட்டு வச்சிக்கீறீங்க."

ஆகாதவர்களின் முகவரியைத் தரக்கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியதே தமயந்திதான். அதை அவள் பக்குவமாகச் சொன்னாள். அக்கம்பக்கம் இருக்கிறார்கள், ஒன்று என்றால் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்றாள். தேசம்மா எழுந்திருக்கிற மாதிரி இல்லை.

"அப்ப நீயே அந்த அக்கம்பக்கத்துக்கு ஒரு போன் போடு. என் எதிர்ல போடு."

எத்திராஜ் இருந்தது புன்னைத் தெருவில். தனிமை விரும்பிகளின் தெரு அது. பொருத்தம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. தமயந்தி அடுத்த வீட்டுக்குப் பேசினாள். எடுத்தவர் மாதவன், ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். இதமான குரல்.

"எத்திராஜா? ரொம்ப நல்ல மனுஷர்ங்க. ஒரு தொந்தரவு கிடையாது. ரெண்டு மூணு நாளா கண்ணுல படலை. அவருக்குத் தனியா இருக்கப் பிடிக்கும். எங்க எல்லாருக்குமே அப்படித்தான்."

"கொஞ்சம் கதவைத் தட்டிப் பார்க்கிறீங்களா சார்?"

மறுமுனையில் பேச்சு தயங்கித் தயங்கி வந்தது. "தட்டலாம்... ஆனா அவர் ஏதாவது நினைச்சுக்கிட்டார்னா? இதுவரைக்கும் நாங்க யாரும் ஒருத்தர் வீட்டை ஒருத்தர் தட்டினதில்லைங்களே."

தமயந்தி போனை வைத்தாள். அந்தத் தயக்கத்தில் இருந்த ஏதோ ஒன்று அவளை எழுப்பி நிறுத்தியது. "வாங்கம்மா" என்று அலுவலக வண்டியின் சாவியை எடுத்தாள்.

வழியெல்லாம் தேசம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் இருந்த தென்கோடியைத் தாண்டி நகரத்தை அவள் பார்த்ததேயில்லை. "இன்னா மேடம், எங்க பக்கம் அத்தினி வூட்லயும் கருவாடு வறுக்கறாங்கோ. இங்க ஒரு வூட்லயும் வாசனையே காணோம்?"

"வாசனை பிடிக்காதவங்க பக்கத்துல உங்களைப் போட்டா சண்டை வருமில்லையா? அதான்."

"ஓ" என்றாள் தேசம்மா. அதற்கு மேல் அவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை. தமயந்திதான் யோசித்தாள். சாதி என்று ஒரு கேள்வியே பொருத்தத்தில் கிடையாது என்று அவள் போகிற கூட்டத்திலெல்லாம் பெருமையாகச் சொல்லுவாள். அது உண்மையும்கூட. ஆனால் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து புள்ளிகளாகப் பார்த்த நகரத்தை இப்போது தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டு போகையில், அந்தத் தெருக்களின் வாசல்களும் கோலங்களும் மாடத்துப் படங்களும் உலர்கிற துணிகளும் அவளுக்கு என்னவோ சொல்லின. மீனையும் பாட்டையும் எழுந்திருக்கிற நேரத்தையும் மட்டும்தான் கேட்டார்கள். கேட்காத கேள்விக்கு இயந்திரம் தானாகவே விடை எழுதி வைத்திருந்தது. பழைய ஊர்களில் இருந்த அதே கோடுகள், பெயர் இல்லாமல், சண்டையும் இல்லாமல்.

புன்னைத் தெரு அவ்வளவு அழகாக இருந்தது. மரங்கள், சுத்தமான நடைபாதை, மூடிய ஜன்னல்கள். எத்திராஜின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தமயந்தி மணியை அழுத்தினாள், மெதுவாகத் தட்டினாள். பதில் இல்லை. மாதவன் தன் வீட்டு வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

தேசம்மா இரண்டு பேரையும் விலக்கிவிட்டுத் தெரு நடுவில் போய் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"யோவ் எத்திராஜு! போன எடுக்க இன்னா நோவு உனக்கு? கையி உளுந்துடிச்சா? நானு இங்க வந்து நின்னு காட்டுக் கத்தலு கத்தறேன், உள்ள மகாராஜா கணக்கா படுத்துக்கினு கீறியா?"

தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில், வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிளாஸ்டிக் குவளையை வாளியில் தட்டுகிற சத்தம். மிகவும் மெல்லியதாக, ஆனால் விடாமல்.

மாதவனும் எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்து கதவை உடைத்தார்கள். எத்திராஜ் குளியலறையில் விழுந்து கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கைக்கு எட்டிய குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உயிரைப் பிடித்து வைத்திருந்தார். உதடு வெடித்து, கண் குழி விழுந்து, பேச்சு வராமல் கிடந்தவர் வாசற்படியில் நின்றவளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாமே... இங்கயும் வந்துட்டியா?"

"செத்துட்டியா இன்னான்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் தேசம்மா. சொல்லிவிட்டு அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்து அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் திட்டுவதை நிறுத்தவில்லை. அவர் கண்ணை மூடப் போகும்போதெல்லாம் இன்னும் உரக்கத் திட்டினாள்.

மாதவன் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அன்னிக்கு ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சுங்க. கேட்டுட்டு ஜன்னலைச் சாத்தினேன். அடுத்தவங்க விஷயத்துல தலையிடக் கூடாதுன்னு... அதுதானே இங்க எங்களைச் சேர்த்து வச்சது?" என்றார். அந்தக் கேள்வி தன்னைப் பார்த்துத்தான் என்று தமயந்திக்குத் தோன்றியது.

மருத்துவமனையில் எத்திராஜைப் பார்த்த டாக்டர் பெண் களைத்த சிரிப்போடு சொன்னாள்: "இவர் பரவாயில்லை மேடம், உயிரோட வந்தார். இங்க வர்றவங்க பெரும்பாலும் லேட்டாத்தான் வருவாங்க. ஏன்னு எங்களுக்கும் தெரியலை. சண்டை போட்டு மண்டை உடைஞ்சு ஒருத்தரும் வர்றதில்லை, அது சந்தோஷம். ஆனா தனியா விழுந்து கிடந்து வர்றவங்க அதிகம்."

மறுநாள் தமயந்தி ஆணையர் நைனா முகமதுவின் அறைக்குப் போனாள். நெடுமேட்டின் முதல் கல் நட்டதிலிருந்து நகரத்தைத் தோளில் தூக்கி நடப்பவர் அவர். முழுக்கக் கேட்டார்.

"சரி தமயந்தி. ஒண்ணு சொல்லுங்க. பழைய நகரத்துல பக்கத்து வீட்டுச் சண்டைல வருஷத்துக்கு எத்தனை பேர் செத்தாங்கன்னு உங்களுக்கே தெரியும். நம்மளால அது நின்னுச்சு. இப்ப இப்படிச் சிலபேர் போறாங்கன்னா, ரெண்டையும் தட்டுல வச்சுப் பார்த்தா எது கூட?"

"தெரியாது சார். சண்டைன்னா புகார் வரும், எண்ணலாம். இதை யாரும் எண்ணலை. கவனிக்கலைன்னு புகார் கொடுக்கிறதுக்கே ஒரு ஆள் கவனிச்சிருக்கணுமே."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அப்போ என்ன பண்ணலாங்கிறீங்க? எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுடலாமா? உங்க அப்பாவுக்கு நடந்தது மறுபடி யாருக்காவது நடக்கும், பரவாயில்லையா?"

தமயந்தி இதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "அப்பாவுக்குக் கண்ணுல ரத்தம் கொட்டினப்போ, அவரைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது அந்த மாடி வீட்டுக்காரர்தான் சார். குத்தினவரும் அவர்தான், ஓடினவரும் அவர்தான். எனக்குக் குத்தினது மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு. அதை வச்சுத்தான் இந்த மிஷினையே பண்ணினேன்."

நைனா முகமது எழுந்து ஜன்னலருகே போனார். கீழே அவருடைய நகரம் ஒழுங்காக விரிந்து கிடந்தது.

"எல்லாத்தையும் கலைக்க வேண்டாம் சார்" என்றாள் தமயந்தி. "தெருவுக்கு ஒரு வீடு. ஒரே ஒரு வீடு. அந்தத் தெருவோட ஒத்துப்போகாத குடும்பமா, விருப்பப்பட்டு வர்றவங்களாப் பார்த்துப் போடுவோம். கொஞ்சம் மூக்கை நுழைக்கிறவங்களா, கொஞ்சம் சத்தம் போடுறவங்களா. கத்தி எடுக்கிறவங்க வேண்டாம். வாய் மட்டும் போதும்."

அவர் சிரித்துவிட்டார். "அரசாங்கக் கோப்புல இதை எப்படிம்மா எழுதுறது?"

கோப்பில் 'மாற்றுப் பொருத்த இல்லம்' என்று எழுதினார்கள். ஜனங்கள் மறுநாளே அதை 'வம்பு வீடு' ஆக்கிவிட்டார்கள். முதல் விண்ணப்பம் தேசம்மாவுடையது. கேட்ட தெரு, புன்னைத் தெரு.

அவள் குடிவந்த முதல் வாரத்திலேயே ஆணையத்துக்கு ஒரு புகார் வந்தது. நெடுமேட்டின் முதல் பக்கத்து வீட்டுப் புகார். எழுதியவர் மாதவன். விடியற்காலையில் இட்லிக்கடைப் பாத்திரங்களின் சத்தம், மதியத்தில் கருவாட்டு நாற்றம், இதைத் தவிர தன்னுடைய மாடித் தோட்டத்துக் கத்தரிச்செடிக்கு இவ்வளவு தண்ணீர் ஊற்றக் கூடாது என்று தினமும் தெருவிலிருந்து வரும் இலவச ஆலோசனை. தமயந்தி அதை இரண்டு தடவை படித்தாள். ஒரு தேர்வு முடிவைப் படிப்பதுபோல அவளுக்கு இருந்தது.

எல்லா இடத்திலும் சிரிப்பாக முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தெருவில் ஜன்னல் கண்ணாடியில் கல் விழுந்து போலீஸ் வர வேண்டியதாயிற்று. இன்னொரு தெருவில், வந்த குடும்பத்தின் பெண்ணிடம் ஒரு கிழவர் சொன்ன ஒரு வார்த்தைக்காகத் தெருவே இரண்டாகப் பிரிந்து பல நாள் முகம் பார்க்காமல் இருந்தது. அது பழைய ஊர்களில் கேட்ட வார்த்தை. தமயந்தி அங்கே போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண் போக மறுத்துவிட்டாள். "நான் ஏன் போகணும்? அவரு அந்த வார்த்தையை மறக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றாள். அந்தக் கிழவரின் மகனும் மருமகளும் அவள் பக்கம் நின்றார்கள். கிழவர் இன்னும் பேசுவதில்லை. ஆனால் அவர் பேரன் அந்தப் பெண்ணின் வீட்டில்தான் சாயங்காலம் முழுக்க இருக்கிறான்.

புன்னைத் தெருவில் எத்திராஜ் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பிய நாளில் தமயந்தி போயிருந்தாள். மதில் சுவருக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் நின்று அவரும் தேசம்மாவும் ஆரம்பித்தார்கள். சமாதானம் செய்ய மாதவன் வந்தார். மாதவன் சொன்னது சரியில்லை என்று சொல்ல எதிர்வீட்டுக்காரர் வந்தார். அவர் மனைவி வந்தாள். ஒரு கட்டத்தில் சண்டை எதற்கு என்றே யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எதிர்வீட்டுக்காரரின் மகள் துபாயில் இருப்பதும், மாதவனுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது என்பதும், மூலை வீட்டு அம்மாள் ஒரு காலத்தில் மேடைகளில் வீணை வாசித்தவர் என்பதும் அன்றைக்குத்தான் அந்தத் தெருவுக்குத் தெரிந்தது.

ஒரு வருஷத்தில் ஏறக்குறைய நகரம் முழுக்க வம்பு வீடுகள் வந்துவிட்டன. புகார்கள் பெருகின. காவல் நிலையங்களில் மறுபடியும் சமரசம் பேசுகிற பெஞ்சு போட்டார்கள். அந்த டாக்டர் பெண் ஒருநாள் போன் செய்து, "இப்பல்லாம் ரொம்பச் சீக்கிரம் கொண்டு வந்துடறாங்க மேடம். சில சமயம் ஒண்ணுமே இல்லாததுக்கும்" என்று அலுத்துக்கொண்டாள்.

கடைசிக் கட்டத்தில் தமயந்தி குடியிருந்த மகிழம்பூத் தெருவின் முறை வந்தது. யார் வரப் போகிறார்களோ என்று அவளுக்கே ஆவலாக இருந்தது. திரையில் தேடிப் பார்த்தாள். மகிழம்பூத் தெருவுக்கு எதிரே 'தேவையில்லை' என்று இருந்தது. பிழை என்று நினைத்துத் திரும்பப் போட்டாள். மறுபடியும் 'தேவையில்லை'.

நேரே ஆணையரிடம் போனாள். விஷயத்தைக் கேட்டதும் நைனா முகமது அவளைப் பார்க்காமல் மேசைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

"உக்காருங்க தமயந்தி. முதல்ல நம்ம பொருத்தம் ஓட்டினப்போ, மொத்த நகரத்துல ஒரே ஒரு வீடு மட்டும் மிச்சமாச்சு. எந்தத் தெருவுலயும் ஒட்டலை. நானும் தெருத்தெருவாப் போட்டுப் பார்த்தேன். எங்கே போட்டாலும் மிஷின் சிவப்பு காட்டிச்சு."

"யார் வீடு சார்?"

அவர் பேனாவிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். சொல்ல வேண்டியதே இருக்கவில்லை. தமயந்திக்குக் காது மடல் சூடேறியது.

"நான்தான் என் கையால உங்களை மகிழம்பூத் தெருவுல போட்டேன். அங்கே இருந்தவங்க கொஞ்சம் பொறுமைசாலிங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே மிஷினைத் திருத்த உக்காந்திருப்பீங்க. நகரம் திறக்க இன்னும் ரெண்டு வருஷம் ஆகியிருக்கும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "ஆஸ்பத்திரிக்கு லேட்டாப் போனவங்களைப் பத்தி நீங்க சொன்னதும் நான் எல்லாத் தெருவையும் விசாரிச்சேன். உங்க தெருவுல ஒருத்தர்கூட இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் உங்க யோசனைக்குக் கையெழுத்துப் போட்டேன்."

அன்று மாலை தமயந்தி வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தன்னையே புதிதாகப் பார்த்துக்கொண்டு போனாள். எல்லோரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பது, சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது, குப்பையை இப்படிப் பிரியுங்கள் என்றால் உடனே சரி என்பது. நான் செய்த தெருப் பொருத்தத்தைப் பாருங்கள் என்று அவள் பூரித்துப்போயிருந்த சங்கதிகள் அவை. வெட்கமாகவும் இருந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

தன் வீட்டுக்குள் போகாமல் பக்கத்து வீட்டு மணியை அழுத்தினாள். கதவைத் திறந்தவள் கோமளா. எப்போதும்போல முகம் நிறையச் சிரிப்பு.

"கோமளா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லணும். நான் உங்களுக்கெல்லாம் தொந்தரவா இருக்கேனா?"

கோமளாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் உள்ளே திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மெதுவாக மடித்து வைத்தார். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று கோமளா எட்டிப் பார்த்தாள். பிறகு கதவை அகலமாகத் திறந்துவிட்டாள்.

"உள்ள வாங்கக்கா. உக்காந்து பேசுவோம்" என்றாள். "கொஞ்சம் நேரம் ஆகும்."